அப்பா பார்த்த வெளிச்சம்: நெல்லைச் சீமையில் ஐந்து நாள்

முதல் நாள்: திருநெல்வேலி

நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி சரியான தூக்கமில்லை. கோவில்பட்டி வந்ததும் எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா இங்கேதான் என்னை எழுப்பிவிடுவார். "எம்மா, எந்தி, நம்ம சீமை வந்துட்டு" என்பார். அவர் போய் இரண்டு வருடமாகிறது.

ஜங்ஷனில் அத்தான் காத்திருந்தார். அத்தையின் மூத்த மகன். பணகுடிப் பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். பையை வாங்கிக்கொண்டு, "உத்திரத்துக்கு இன்னும் நாலு நாள் கெடக்கே, இவ்வளவு சீக்கிரம் வந்துட்ட?" என்றார். சாஸ்தா கோவிலுக்கு என்று சொல்லித்தான் லீவு போட்டிருக்கிறேன். ஆனால் நான் முன்கூட்டியே வந்தது அப்பாவின் கதைக்காக.

தெரியாதவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1966, பங்குனி மாதம். அப்பாவுக்கு எட்டு வயது. ஊர் விஜயநாராயணத்துக்குப் பக்கம். பொழுது சாய்ந்த பிறகு மேற்கே மலைக்கு மேல் ஒரு வெளிச்சம் அசையாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஊதி அணைத்ததுபோல மறைந்தது. மறுநாள் காலையில் பனங்காட்டில் ஏதோ விழுந்து கிடந்தது. அதில் புரியாத எழுத்து இருந்தது. மூன்றாம் நாள் பட்டாளத்து ஜீப் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. வெளியே மூச்சு விட்டால் உள்ளே தள்ளிவிடுவோம் என்று தாத்தாவை மிரட்டினார்கள்.

இதை அப்பா சாகிற வரை ஒரு சொல் மாற்றாமல் சொன்னார். கல்யாண வீடுகளில் அவரைச் சொல்ல வைத்துச் சிரிப்பார்கள். "பறக்கும் தட்டு அண்ணாச்சி" என்றே ஒரு சொந்தக்காரர் கூப்பிடுவார். பதினைந்து வயதில் நானும் அங்கிருந்து எழுந்து போயிருக்கிறேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

கல்லூரி நூலகத்தில்தான், பறக்கும் தட்டு விழுந்ததாகப் பேசப்படும் ராஸ்வெல் எனக்கு அறிமுகம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம், 1947 ஜூன் 14. மாக் பிரேசல் என்ற பண்ணைக்காரர் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வரும்போது ரப்பர் கிழிசல், வெள்ளித்தாள், கெட்டிக் காகிதம், குச்சிகள் சிதறிக் கிடப்பதைப் பார்க்கிறார். கூட இருந்தது அவருடைய எட்டு வயது மகன். எட்டு வயது என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாங்குநேரி வழியாக ஊர் போய்ச் சேர மதியமாகிவிட்டது. அத்தை வாசலிலேயே நின்றார். "மெலிஞ்சிட்டியே மருமவளே" என்று கன்னத்தைத் தடவினார். கூட்டாஞ்சோறு சாப்பிட்டுப் படுத்தவள் ஆறு மணிக்குத்தான் எழுந்தேன்.

இரண்டாம் நாள்: பனங்காடு

நேற்று ராத்திரி மொட்டை மாடியில் அத்தான் கை நீட்டிக் காட்டினார். தூரத்தில் வானத்தில் பாதி உயரத்துக்குச் சிவப்பு விளக்குகள் வரிசையாக அணைந்து எரிந்தன. ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளத்தின் கோபுரங்கள். "நம்ம தாத்தாட்ட இருந்து தூக்கிட்டுப் போனது இவங்கதாம்ளா. இல்லாட்டா இந்தப் பொட்டக்காட்டுல நேவிக்கு என்ன சோலி?" என்றார்.

நேவிக்கு இங்கே என்ன வேலை என்பது ரகசியமில்லை. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண் வானொலியில் செய்தி அனுப்புகிற நிலையம் அது. சாதாரண வானொலி அலை உப்புத் தண்ணீரில் உடனே செத்துவிடும். அலைநீளம் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும் அலைகள்தான் சில பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கும். அதனால்தான் இவ்வளவு உயரமான கோபுரங்கள், இவ்வளவு பெரிய நிலம். ஆனால் நிலையம் தொடங்கியது 1990 அக்டோபரில். 1966க்கும் அதற்கும் இருபத்து நாலு வருடம் இடைவெளி. அத்தானிடம் சொன்னேன். நம்பவில்லை. "சின்ன வயசுல இருந்து அப்படித்தான கேட்டிருக்கேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்பாவே கடைசிக் காலத்தில் "நேவிக்காரங்க" என்று சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

காலையில் அத்தையோடு பனங்காட்டுக்குப் போனோம். பதநீர் இறங்கும் காலம். பனை ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்தோம். காடு முன்னைக்குப் பாதிகூட இல்லை. அத்தை ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டு நடந்து ஓரிடத்தில் நின்றார்.

"இங்கனதான். உங்க தாத்தா விடியக்காலம் பாளை சீவ ஏறியிருந்தாவ. மேல இருந்தே சத்தம் குடுத்தாவ. நானும் உங்க அப்பனும் கலயத்த கீழ போட்டுட்டு ஓடுனோம்."

"கீழ விழுந்து கிடந்துச்சா அத்தை?"

"எங்க விழுந்துச்சு? அடுத்த பனையில தொங்குச்சுல்லா. செவப்புத் துணி மட்டையில மாட்டியிருந்துச்சு. கீழ நூலுல ஒரு வெள்ளப் பெட்டி ஆடிக்கிட்டு கெடந்துச்சு. கோழித்தோல் மாதிரி ரப்பரு, கிழிஞ்சு கிழிஞ்சு. உங்க தாத்தா அந்த மரத்துல ஏறி அறுத்து எறக்குனாவ."

அப்பாவின் கதையில் சிவப்புத் துணி இல்லை. பனையும் இல்லை. "அப்புறம்?"

தாத்தா அதைக் கிராம முன்சீப்பிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஊருக்குள் அரசாங்கம் என்றால் அவர்தான், 1980இல்தான் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அந்தப் பதவியை எடுத்தார்கள். அரசாங்கச் சாமானை யாரைக் கேட்டுத் தொட்டாய் என்று முன்சீப் சத்தம் போட்டாராம். ஆள் வரும்வரை இங்கேயே இரு என்று திண்ணையில் உட்கார வைத்துவிட்டாராம். இரண்டு நாள். மூன்றாம் நாள் ஜீப் வந்தது.

"பட்டாளத்துக்காரங்களா?"

அத்தை யோசித்தார். "காக்கிச்சட்ட போட்டிருந்தாவ. நமக்குக் காக்கின்னா பட்டாளம்தான. போலீசும் காக்கிதான், டிரைவரும் காக்கிதான். வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னது முன்சீப்பா, வந்தவங்களான்னு எனக்கு இப்பத் தெரியல."

பிறகு அவராகவே சொன்னார். பாளையைக் காலையும் சாயங்காலமும் சீவ வேண்டும். விட்டால் நுனி காய்ந்து பதநீர் நின்றுபோகும். இரண்டு நாள் திண்ணையில் இருந்துவிட்டு வந்த தாத்தா மரம் மரமாக ஏறி, காய்ந்த பாளைகளைப் பார்த்துவிட்டு இறங்கினாராம். அந்த வருடம் விடிலியில் கருப்பட்டி பாதிதான் காய்ச்சினார்கள். "ஒரு வார்த்த, இது இன்ன சாமான், பயப்படாதன்னு எவனாவது சொல்லியிருந்தாம்னா…" என்று நிறுத்தினார். அப்பாவுக்கு மனதில் நின்றது வெளிச்சம். அத்தைக்கு நின்றது காய்ந்த பாளை.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு பழைய ரவிக்கைத் துணிக்குள்ளிருந்து எடுத்து என் கையில் வைத்தார். இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாதாம். ஜீப் வருவதற்கு முன்னால் பதினோரு வயது அத்தை ஒளித்து வைத்தது அது.

ஒரு சாண் நீளத்தில் தட்டையான மரக்கட்டை. இரண்டு முனையிலும் வாய் பிளந்ததுபோல வெட்டு. அதில் பருத்தி நூல் நெருக்கமாகச் சுற்றியிருக்கிறது, பழுப்பேறி, தொட்டால் தூள் ஒட்டுகிறது. கட்டையின் ஒரு பக்கத்தில் நீல மையில் முத்திரை, பாதி அழிந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். நாலு ஆங்கில எழுத்து, ஒரு எண்.

அதுதான் அப்பாவின் புரியாத எழுத்து. தமிழைத் தவிர வேறு எழுத்தைப் பார்த்திராத மூன்றாம் வகுப்புப் பையனுக்கு அது வேற்றுலக எழுத்தாகத்தான் இருந்திருக்கும். பிரேசல் கண்டெடுத்த குப்பையிலும் எழுத்துகளும், பூப்போட்ட ஒட்டு நாடாவும் இருந்ததாக அவரே 1947 ஜூலை 9இல் வெளிவந்த பேட்டியில் சொன்னார். முப்பது வருடம் கழித்து அந்த நாடா பலர் வாயில் சித்திர எழுத்தாக மாறியது.

ராத்திரி கட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

மூன்றாம் நாள்: பணகுடி, காவல்கிணறு

அத்தானின் பைக்கில் மகேந்திரகிரி அடிவாரம் வரை. இந்த மலையடியில்தான் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். ராக்கெட் எஞ்சின்களைத் தரையிலேயே கட்டி வைத்து எரித்துப் பார்க்கிற இடம். ககன்யானுக்கான கிரையோஜெனிக் எஞ்சினை 2022 ஜனவரி 12 அன்று 720 விநாடி விடாமல் ஓட்டினார்கள். சோதனை நடக்கும்போது காற்றாலை உச்சியில் நின்றால் இரும்பில் வைத்த கை அதிரும் என்கிறார் அத்தான். முதல் முறை அவர் பயந்துவிட்டாராம். விஷயத்தைச் சொன்ன பிறகு அந்தச் சத்தம் அவருக்குப் பெருமை.

காவல்கிணறு டீக்கடையில் வாக்குவாதம். அத்தான் ராஸ்வெல் வீடியோக்கள் நிறையப் பார்ப்பவர். "பறக்கும் தட்டு கெடச்சிட்டுன்னு பட்டாளமே பேப்பருக்குச் சொல்லிச்சு. அன்னைக்கே மாத்திப் பேசுனாங்க. எதுக்கு மாத்தணும்?" நியாயமான கேள்வி. 1947 ஜூன் 24இல்தான் கென்னத் ஆர்னால்டு என்ற விமானி ஒன்பது மர்மப் பொருள்களைப் பார்த்ததாகச் சொல்லி, நாடே அந்தப் பேச்சாக இருந்தது. அதைக் கேள்விப்பட்ட பிரேசல் ஜூலை 7இல் ராஸ்வெல் ஷெரிஃபிடம் போனார். ஜெஸ்ஸி மார்செல் என்ற மேஜர் வந்து பொருளைச் சேகரித்தார். மறுநாள் ராஸ்வெல் விமானத் தளத்திலிருந்தே பறக்கும் தட்டு என்று அறிக்கை. சில மணி நேரத்தில் ஃபோர்ட் வொர்த்தில் ஜெனரல் ரோஜர் ராமி, அது வெறும் வானிலை பலூன் என்றார்.

ராமி சொன்னது முழுப் பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை. மோகல் என்று ஒரு ரகசியத் திட்டம் இருந்தது. சோவியத் ஒன்றியம் அணுகுண்டு வெடித்தால் அந்த ஒலியை வானத்தின் மேலடுக்கில் ஒட்டுக்கேட்பது. கடலுக்குள் ஒலி வெகுதூரம் போகும் ஒரு அடுக்கு இருப்பதைக் கண்ட மாரிஸ் யூயிங், காற்றிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று சொன்ன யோசனை அது. இருபதுக்கு மேற்பட்ட ரப்பர் பலூன்களை ஒரே கயிற்றில் கோத்து, ரேடார் அடையாளத்துக்கு வெள்ளித்தாள் ஒட்டிய குச்சிச் சட்டங்களைத் தொங்கவிட்டார்கள். மொத்த நீளம் 600 அடிக்கு மேல். ஜூன் 4 அன்று அலமொகார்டோவிலிருந்து விட்ட அப்படி ஒரு சரம்தான் பிரேசலின் நிலத்தில் விழுந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க விமானப்படை 1994இல் அறிவித்தது. பலூன் விட்டவர்களில் ஒருவரான சார்லஸ் மூருக்கே அந்தத் திட்டத்தின் பெயர் 1992 வரை தெரியாதாம்.

"அப்ப மறைச்சது நெசந்தான?" என்றார் அத்தான்.

"நெசந்தான் அத்தான். மறைச்சது வேற."

அவர் விடவில்லை. தளத்தின் அந்தக் காலத்துச் செய்திப் பதிவுகள் அழிக்கப்பட்டுவிட்டதே என்றார். அதுவும் உண்மை, 1995இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே அப்படி எழுதியிருக்கிறது. அங்கே வேற்றுலக ஆட்களின் பிணங்களைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் என்ன ஆனார்கள் என்றார். 1997 அறிக்கையில் விமானப்படை அதற்குச் சொன்ன பதில், அந்த ஜனங்கள் பார்த்தது 1950களில் பாராசூட் சோதனைக்குப் போட்ட பொம்மைகளை. வருடத்தைக் குழப்பிக்கொண்டார்கள் என்பது. இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 1947இல் நடந்ததோடு ஆறேழு வருடம் பிந்தி நடந்ததை யாராவது சேர்ப்பார்களா என்று.

இன்றைக்கு அந்தக் கோபம் பாதியாகிவிட்டது. என் வீட்டிலேயே 1990இல் வந்த கடற்படை 1966இல் ஜீப் ஓட்டியிருக்கிறது. யாரும் வேண்டுமென்று சேர்க்கவில்லை. கதையில் ஒரு ஓட்டை இருந்தது: வந்தது யார் என்று எவரும் சொல்லவில்லை. பின்னால் ஊருக்குள் வந்த பெரிய சீருடை அந்த ஓட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. ராஸ்வெல்லும் முப்பது வருடம் தூங்கியது. 1978இல் மார்செலைப் பேட்டி கண்ட பிறகுதான் மறுபடி எழுந்தது. அதற்குள் எத்தனை ஓட்டைகள் விழுந்திருக்கும்! 2023 ஜூலையில் டேவிட் க்ரஷ் என்ற முன்னாள் உளவு அதிகாரி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வேற்றுயிர் எச்சங்கள் இருப்பதாகச் சொன்னதையும், அதற்கெல்லாம் ஆதாரமில்லை என்று 2024 மார்ச்சில் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனின் அலுவலகம் அறிக்கை விட்டதையும் அத்தானும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று பேசித் தீர்த்தோம். டீ ஆறிப்போயிற்று.

நான்காம் நாள்: பாளையங்கோட்டை

வானிலைத் துறையில் பல ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைத் தோழி மூலமாகச் சந்தித்தேன். எண்பதை நெருங்குகிறார். கட்டையை வாங்கி மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். நூலின் ஒரு சுற்றை நகத்தால் தூக்கிப் பார்த்தார்.

"இது மாதிரிக் கட்டையிலதாம்மா நாங்களும் நூல் சுத்துவோம். பெட்டி பலூனுக்கு ரொம்பக் கீழ தொங்கணும். இல்லேன்னா பலூன் சூட்டையே அளந்துட்டு வரும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ரப்பர் பலூனில் ஹைட்ரஜன் நிரப்புவார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் ஏறும். மேலே காற்றழுத்தம் குறையக் குறைய உப்பிக்கொண்டே போய், முப்பது கிலோமீட்டர் உயரத்தில் ஒரு அறையளவு ஆகி வெடிக்கும். பெட்டி பாராசூட்டில் இறங்கும். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் இப்படி விடுகிறார்கள். காற்று கிழக்கே இழுத்தால் நம் பக்கம் வந்து விழும்.

"அந்த வெளிச்சம்?" என்றேன். அதற்காகத்தான் போனேன்.

அவர் சுவரிலிருந்த காலண்டரைக் காட்டினார். மாலை 5.30 மணி வானிலைக் கணக்குக்காகப் பலூனைக் கொஞ்சம் முன்னதாகவே விடுவார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஏறி உச்சிக்குப் போகும்போது பங்குனியில் சூரியன் மறைகிற நேரம். "கீழ இருட்டிரும். முப்பது கிலோமீட்டர் மேல இருக்கிறவனுக்குச் சூரியன் இன்னும் இருபது நிமிசம் தெரியும். அந்த வெயில் பலூன்ல பட்டா, நட்சத்திரம் மாதிரி நிக்கும். வெடிச்சா சட்டுனு போயிரும். உங்க அப்பா அணைஞ்சிச்சுன்னு சொன்னாருல்லா?"

சொன்னார். நூறு தடவை சொன்னார்.

அந்த வெளிச்சம் வெள்ளிக் கிரகமாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டேன். 1966 பங்குனியில் வெள்ளி விடியற்காலத்தில்தான் தெரிந்தது. வியாழன் சாயங்காலத்தில் இருந்தது. ஆனால் அது அணையாது.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். ராத்திரியில் காற்றின் திசையை அளக்கச் சின்ன பலூன் விடும்போது, காகிதக் கூட்டுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றித் தொங்கவிட்டு தியோடலைட் என்ற கோணம் அளக்கும் தொலைநோக்கி வழியாகப் பார்ப்பார்களாம். அந்த விளக்கைப் பார்த்து எத்தனை ஊரில் எத்தனை பேர் கும்பிட்டார்களோ என்றார். 2022 டிசம்பரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் வயலில் இறங்கிய பெரிய கூண்டைச் சுற்றி ஜனம் கூடியதைப் பேப்பரில் படித்தது நினைவுக்கு வந்தது. ஐதராபாத் பலூன் நிலையத்திலிருந்து விட்ட, ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்றின் சோதனைக் கூண்டு அது. அன்றைக்கே காரணம் சொல்லிவிட்டார்கள். அதனால் கதை முளைக்கவில்லை.

கிளம்பும்போது கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்க தாத்தாவைத் திண்ணையில உக்கார வச்சது தப்பும்மா. எடுத்துக் குடுத்தவருக்கு நாங்க நன்றி சொல்லியிருக்கணும்" என்றார். அவருக்கும் அந்த ஜீப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அறுபது வருடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வார்த்தை அது. பஸ்ஸில் அழுதுவிட்டேன்.

ஐந்தாம் நாள்: பங்குனி உத்திரம்

சாஸ்தா கோவிலில் நல்ல கூட்டம். சென்னை, மும்பை, திருப்பூர் என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தமெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது. "பறக்கும் தட்டு அண்ணாச்சி" என்று பேர் வைத்த அந்தச் சொந்தக்காரரும் வந்திருந்தார். கட்டையைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்திரையைப் படிக்க முயன்றார். கதை முழுவதையும் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் "அப்ப அண்ணன் பாத்தது நெசம்" என்றார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சாயங்காலம் அத்தை, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் விஜயநாராயணம் பெரியகுளத்துக் கரையில் போய் நின்றோம். அத்தான் யாரிடமோ பைனாகுலர் வாங்கி வந்திருந்தார். மேற்கே மகேந்திரகிரி மேல் மேகம் அடைத்துக் கிடந்தது. 6.25. 6.40. ஏழு மணிவரை நின்றோம். ஒன்றும் தெரியவில்லை. அத்தான் பைனாகுலரை இறக்கவே இல்லை. நாளைக்கும் வந்து பார்க்கப் போகிறாராம்.

பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஆச்சி, தாத்தா என்னத்ததான் பாத்தாவ?" என்று சின்னவன் அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தான். அத்தை கரையில் உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். வெளிச்சம், பனை, சிவப்புத் துணி, பெட்டி. திண்ணை வந்தபோது குரல் தாழ்ந்தது, ஆனாலும் அதை விடவில்லை. கட்டையை அவன் கையிலேயே கொடுத்திருந்தார்.

"உச்சிப் பனையில இருந்து உங்க பூட்டன் எப்படிச் சத்தம் குடுத்தாவ தெரியுமா?" என்றார். இதை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. கையை வாயருகே குவித்துக்கொண்டு, குளத்துத் தண்ணீருக்கு மேலே கூவினார்:

"ஏ புள்ளையளா, ஓடி வாங்க! பனையில பெட்டி காய்ச்சிருக்கு!"